சும்மா வருகிறவர்களுக்கு மட்டும்

அந்த விசா அலுவலகத்தில் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். வாசலில் பையைச் சோதித்த காவலாளி சிரித்தார். டோக்கன் கொடுத்த பெண் சிரித்தாள். காலியான தண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்கூடச் சிரித்தபடியேதான் போனார். அலுவல் நடக்கிற இடத்தில் இத்தனை பற்களைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் அவள் திரும்பிப் பெயர்ப்பலகையை இன்னொரு தரம் படித்தாள்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. எங்கோ இருக்கிற டாக்டர்கள் வாயில் எதையாவது மென்றுகொண்டே, பாதி வார்த்தையை விழுங்கி, மீதியை மூக்கால் சொல்லியிருப்பார்கள். கூட உட்காருகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தை அவள் ஒரு தடவை கேட்டதுமே பிடித்துவிடுவாள். அதனால் அந்த மாடியில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் பக்கத்து மேஜைக்காரிக்கே தெரியாது.

அவள் கணவர் வெளிநாட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டும்போது ஒன்றும் ஆகவில்லை. ஏணியில் இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்து, நடக்கிற மாதிரி ஆகட்டும், பிறகு ஊருக்கு அனுப்பலாம் என்று சொல்லி, கம்பெனி அவரைத் தொழிலாளர் குடியிருப்பு அறையில் கொண்டுவந்து போட்டது. அறையில் இருந்த மற்றவர்கள் நல்ல மனிதர்கள்தான். வேலைக்குப் போகும்போது அவர் கையெட்டும் தூரத்தில் ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை அவரும் சுவரும்தான்.

படுத்தே கிடப்பவருக்கு என்னென்ன வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேளாவேளைக்குத் திருப்பிப் படுக்க வைக்கவும், முதுகைக் கவனிக்கவும், சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளவும் என்று முகம் தெரியாத நோயாளிகளுக்காகத் தினமும் தட்டச்சு செய்கிற கை அது. சொந்தக் கணவரைத் திருப்பிப் படுக்க வைக்கத்தான் ஆளில்லை.

போய்விடலாம் என்று பார்த்தாள். மனைவியை வரவழைத்துக்கொள்கிற தகுதி மேனேஜர் முதல் மேலே உள்ளவர்களுக்குத்தானாம். கிரேன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதை ஓட்டுகிறவர் கீழ்மட்டத் தொழிலாளியாம். பார்வையாளர் விசாவில் போனால் பார்க்க மட்டும்தான் அனுமதி. தூக்கி உட்கார வைத்தால் அது வேலை செய்த கணக்கில் வரும் என்று விவரம் தெரிந்த ஒருவர் பயமுறுத்தினார். வேலையை விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. அவர் விழுந்த அன்றிலிருந்து வீட்டில் உலை வைப்பது அவள் சம்பளம்தான்.

அப்போதுதான் தங்கை, அவர் இருக்கிற நாடே கொடுத்திருந்த ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். கடற்கரை நாற்காலியில் ஒருவன் மடிக்கணினியோடு சாய்ந்திருந்தான். 'உங்கள் வேலை எங்கேயோ. உங்கள் வாழ்க்கை எங்கள் நாட்டில்' என்று போட்டிருந்தது. தொலைப்பணி விசா. ஒரு வருடம் தங்கலாம், சொந்த ஊர் வேலையை அங்கிருந்தே பார்க்கலாம்.

"அக்கா, இது உனக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு" என்றாள் தங்கை.

கவுன்ட்டரில் இருந்த பெண் அவள் காகிதங்களைச் சிரித்த முகமாகப் புரட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் சட்டென்று நின்றாள். சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி முகம் மாறியது.

"மேடம், வர்ற காரணம்னு கேட்ட இடத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"அடிபட்டுக் கிடக்கிற கணவரைக் கவனிச்சுக்க..."

"மெதுவா, மெதுவா." அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்தாள். "இது தேவை மேடம். நாங்க தேவைக்கு விசா கொடுக்கறதில்ல."

"தேவைக்குத்தானே விசா கேப்பாங்க?"

"அது மத்த விசா. இது சும்மா வர்றவங்களுக்கு மட்டும். தேவையோட வர்றவங்க ஒரு இடத்துக்கு வந்தா அங்கேயே ஒட்டிக்கறாங்க மேடம். ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, அழறாங்க, ஆபீஸ் ஆபீஸா ஏறி நியாயம் கேக்கறாங்க. சும்மா வர்றவங்க காபி குடிக்கறாங்க, போட்டோ எடுக்கறாங்க, அலுத்துப் போனதும் தானா கிளம்பிடறாங்க. எங்களுக்கு அலுத்துப் போறவங்கதான் வேணும்."

"அப்ப நான் என்னன்னு எழுதறது?"

"அதை நான் சொல்லித் தரக்கூடாது மேடம்." குரலைத் தாழ்த்தினாள். "போன தடவை ஒருத்தர் சூரிய அஸ்தமனம்னு எழுதினார். உடனே கிடைச்சிடுச்சு."

அவள் புதுக் காகிதம் வாங்கி, சூரிய அஸ்தமனம் என்று எழுதினாள். அந்தப் பெண் வாங்கிப் படித்துவிட்டு மறுபடி மலர்ந்தாள். "பாருங்க, உங்களுக்கே எவ்வளவு இதமா இருக்கு!"

அடுத்தது வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு சான்றிதழ். விண்ணப்பதாரர் நாற்காலியில் இல்லாவிட்டாலும் நிறுவனத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். அவள் போய்க் கேட்டதும் மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் மனம்விட்டுப் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா என் கஷ்டத்தையும் நீங்க புரிஞ்சுக்கணும். நீங்க எங்க உக்காந்து வேலை செஞ்சாலும் ஒண்ணுதான்னு நான் எழுதிக் கொடுத்தா, அப்ப நீ எதுக்குய்யா அங்க இருக்கேன்னு மேல கேப்பாங்க. இந்த மாடியில எனக்கு என்ன வேலை? நீங்கல்லாம் வந்திருக்கீங்களான்னு பாக்கறது. பதினெட்டு வருஷமா நான் பாத்துக்கிட்டிருக்கேன், நீங்க வந்துக்கிட்டிருக்கீங்க. நீங்க வரலைன்னா நான் எதைப் பாக்கறது?"

அவள் நின்றுகொண்டே இருந்தாள். நிற்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது. கடைசியில் அவரே இறங்கிவந்தார். நாற்காலியின் முதுகில் அவளுடைய சால்வையை விட்டுவிட்டுப் போக வேண்டும், மேலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் ஆள் இருக்கிற மாதிரி தெரிய வேண்டும் என்று பேசி முடிவானது. அதன்பிறகு அவர் எழுதிக் கொடுத்தார்: 'இவர் இருப்பதும் இல்லாததும் எங்களுக்கு ஒன்றே.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். நன்றி சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது கட்டத்துக்குச் செய்முறைத் தேர்வு என்று பெயர். ஒரு சிறிய அறை. ஒரு சுவர் முழுக்கக் கடல் படம் ஒட்டியிருந்தார்கள். சாய்வு நாற்காலி, குட்டை மேஜை, குடை செருகிய பழரசம். மூலையில் மேஜை விசிறி கடற்காற்றாகச் சுழன்றது. மடிக்கணினியை வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, பரிசோதகர் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவள் காதில் மாட்டினாள். அன்றைக்கு வந்த பதிவு ஒரு கிழவருடையது. விழுந்து இடுப்பு முறிந்து, படுக்கைப்புண் வந்து, புண்ணிலிருந்து காய்ச்சல் வந்தவர். டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே அந்தக் கிழவர் எப்படிச் செத்தார் என்பதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்து முடித்தாள். நிமிர்ந்தபோது பரிசோதகர் உதட்டைப் பிதுக்கினார்.

"தேறலையே மேடம்."

"தப்பு ஏதாவது இருக்கா சார்?"

"தப்பே இல்லை. அதான் தப்பு. ஒரு தடவையாவது கடலைப் பாத்தீங்களா? ஜூஸைத் தொடவே இல்ல. வந்ததிலேருந்து வேலையே பாத்துக்கிட்டிருக்கீங்க."

"வேலை இருந்துச்சு சார்."

"வேலை இருக்கும் மேடம். ஆனா அது வெளியில தெரியக்கூடாது. எங்க கடற்கரையில உக்காந்து ஒருத்தங்க இப்படி முதுகை வளைச்சு வேலை செஞ்சா, பாக்கற மத்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாதிரி ஆயிடும்."

"நீங்க அந்த நாட்டுக் கடலைப் பாத்திருக்கீங்களா சார்?" என்று அவள் கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, அங்கே அலைச்சத்தம் குடியிருப்பு வரைக்கும் கேட்குமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

"இல்ல மேடம். எனக்கு அங்க ஒரு தேவையும் கிடையாது. அதனால விசா கேட்டா கொடுத்துடுவாங்க. லீவுதான் கொடுக்க மாட்டாங்க."

மறுதேர்வுக்கும் நேர்காணலுக்கும் சேர்த்து ஒரே நாளில் வரச்சொன்னார்கள். அதுவரைக்கும் தங்கை அவளைப் பழக்கினாள். தங்கைக்குச் செல்போன் கடையில் விற்பனைப் பெண் வேலை. காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்குகிற வரைக்கும் சிரிப்பதற்குத்தான் சம்பளம்.

"பல்லு தெரியணும், ஈறு தெரியக்கூடாது. கண்ணைக் கொஞ்சம் சுருக்கு. இப்ப பாரு, நீ சிரிக்கற மாதிரி இல்ல, தும்மல் வர்ற மாதிரி இருக்கு."

"வரமாட்டேங்குதுடி."

"எனக்கு மட்டும் தானா வருதா? பழசா ஏதாவது நெனச்சுக்கோ. மாமா உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப செருப்பு மாறிப் போட்டுக்கிட்டுப் போனாரே, அதை நெனச்சுக்கோ."

அதை நினைத்தால் அவளுக்கு எப்போதும் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. அவர்தான்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு. நல்லா இருக்கேன்மா. நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்ல."

"இருமல் வருதே?"

"இது சும்மா, ஏசி ஒத்துக்கல."

"ஒருக்களிச்சுப் படுத்தீங்களா?"

"இப்பதான் திரும்பிப் படுத்தேன்."

"கட்டில் சத்தமே கேக்கலையே" என்றாள் அவள்.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சின் அடியில் கொரகொரவென்று ஒரு சத்தம். தினமும் எத்தனையோ பேருடைய நுரையீரலைப் பற்றிக் கேட்டுத் தட்டச்சு செய்தவளுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. "சீக்கிரம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு தங்கை பக்கம் திரும்பி, "மறுபடி சொல்லு, கண்ணைச் சுருக்கணுமா?" என்று கேட்டாள்.

மறுதேர்வில் தேறிவிட்டாள். கடலை நன்றாகப் பார்த்தாள். பழரசத்தைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். ஒரு வரிகூடத் தட்டச்சு செய்யவில்லை. பரிசோதகர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

நேர்காணல் அதிகாரியின் அறை குளிர்ந்து கிடந்தது. அவர் பருத்த, மிருதுவான மனிதர். ஒவ்வொரு வாக்கியத்தையும் தடவிக் கொடுத்துவிட்டு அனுப்புகிறவர் போலப் பேசினார்.

"எங்க நாடு ரொம்ப அழகான நாடு மேடம். அழகை அழுதுக்கிட்டே பாத்தா அது அழகுக்குப் பண்ற அவமரியாதை. அதனால ஆளைப் பாத்துத்தான் அனுமதிக்கறோம். எங்ககிட்ட மனிதாபிமானம் இல்லைன்னு சிலபேர் பேசறாங்க. தனியா ஒரு பிரிவே வெச்சிருக்கோம். ஆனா யாராவது வந்து அழுதா அந்தப் பிரிவுல இருக்கறவங்களுக்கு மனசு கஷ்டமாயிடுது. அதனால அதைப் பூட்டி வெச்சிருக்கோம். அதுவும் மனிதாபிமானம்தானே?"

அவள் ஈறு தெரியாமல் சிரித்தாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு சார்."

"கணவர் என்ன பண்றார்?"

"படுத்திருக்கார் சார்."

"ஓய்வா இருக்கார்! ரொம்ப நல்லது. இந்தக் காலத்துல யாருக்கு அது வாய்க்குது? நீங்க போறதுல அவருக்கு ஆட்சேபணை இல்லையே?"

"நான் எப்ப வருவேன்னு கேட்டுக்கிட்டே இருக்கார்."

அதிகாரி இதை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டாரோ, தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். "கடைசிக் கேள்வி. எங்க நாட்டுல உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இருக்காங்களா?"

உண்டு என்று சொன்னால் தேவை. இல்லை என்று சொன்னால் விசா. தாலி கட்டியவரை, இத்தனை வருடம் ஒரு வார்த்தை அதட்டிப் பேசாத மனிதரை, இல்லவே இல்லை என்று சொல்ல வேண்டும்.

"யாரும் இல்ல சார்" என்றாள்.

அதிகாரி முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். பைக்குள் செல்போன் அதிர்ந்தது. அவள் அசையவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"எடுங்க மேடம், பரவாயில்ல. சந்தோஷமா இருக்கறவங்க போன் வந்தா எடுப்பாங்க."

எடுத்தாள். கணவரின் அறையில் கூட இருந்தவர் பேசினார். காய்ச்சல் உச்சத்துக்குப் போய்விட்டது, ஆள் யாரென்று தெரியாமல் உளறுகிறார், முதுகில் பெரிதாகப் புண், ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறோம், கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லை. பின்னால் கணவரின் குரல் கேட்டது. அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி.

தங்கை பழக்கிய சிரிப்பு இன்னும் முகத்தில் அப்படியே இருந்தது. அதன்மேலேயே கண்ணீர் வழிந்தது.

"நல்ல சேதியா மேடம்? ஆனந்தக் கண்ணீரா?" அதிகாரி ஆவலாகக் கேட்டார்.

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சார், அவர் அங்கதான் சார் இருக்கார். உங்க நாட்டுல. தனியாப் போட்டுட்டாங்க சார். இன்னிக்கு என்னை ஏத்தி அனுப்பிடுங்க. எனக்குக் கடல் வேணாம், ஒண்ணும் வேணாம். அவரைத் திருப்பிப் படுக்க வெச்சாப் போதும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

அதிகாரி முத்திரையை மெல்லக் கீழே வைத்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"நல்லாப் போய்க்கிட்டிருந்துது மேடம்" என்றார். இன்னொரு முத்திரையை எடுத்தார். 'தேவை கண்டறியப்பட்டது' என்று பதிந்தது. பாஸ்போர்ட் பரிசீலனைக்காக அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி உள்ளே வைத்துக்கொண்டார்கள். காவலாளி அவளைத் தோளில் தொடாமல், சிரித்த முகமாகவே, வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

கணவர் பிழைத்துக்கொண்டார். கம்பெனி கணக்குப் போட்டுப் பார்த்தது. அங்கே வைத்து வைத்தியம் செய்வதைவிட விமானத்தில் ஏற்றிவிடுவது மலிவாகப் பட்டது. உடனே வேலை அனுமதியை ரத்து செய்து, சக்கர நாற்காலியில் வைத்து அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் அவரைப் பார்த்தபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பாதியாகியிருந்தார். புண்ணுக்குப் பயந்து ஒரே பக்கமாய்க் கிடந்ததில் வலது கால் மடங்கியது மடங்கியபடி நின்றுபோயிருந்தது. முன்பே பார்த்திருந்தால் நீட்ட வைத்திருக்கலாம் என்று இங்குள்ள டாக்டர் சொன்னார். இனி தினமும் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது.

அவள் கட்டிலருகே மேஜை போட்டுக்கொண்டு அங்கேயே தட்டச்சு செய்தாள். ஆபீஸில் அவள் சால்வை ஒழுங்காக வந்துபோய்க்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் அதைப் பார்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து கணவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள். அப்போது கட்டில் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு அடுத்த வரி ஓடும்.

ஒருநாள் விசா அலுவலகத்திலிருந்து அந்தக் கவுன்ட்டர் பெண் பேசினாள். "வாழ்த்துகள் மேடம்! உங்க கணவரோட அனுமதி ரத்தானது எங்க கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு. உங்க தேவை நீங்கிடுச்சு. விசா ஆயிடுச்சு. அதிகாரியே தன் கையால கொடுக்கணும்னு ஆசைப்படறார்."

பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கியாக வேண்டும். கால் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வாடகைக் காரை அந்த வாசலில் நிறுத்தச் சொன்னாள். பின் இருக்கையில் அவர் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். "வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உள்ளே பூங்கொத்து வைத்திருந்தார்கள். போட்டோக்காரர் ஒருவர் நின்றார். அதிகாரி இரண்டு கைகளாலும் பாஸ்போர்ட்டை ஏந்தி நீட்டினார்.

"உங்களை மாதிரி ஒரு விண்ணப்பதாரருக்காகத்தான் நாங்க காத்துக்கிட்டிருந்தோம் மேடம். வேலை இருக்கு. தேவை இல்லை. அங்க தெரிஞ்சவங்க யாரும் இல்லை. நீங்க வந்தாலும் வராட்டியும் ஒண்ணுதான்னு உங்க ஆபீஸே எழுதிக் கொடுத்திருக்கு. அப்பழுக்கில்லாத தகுதி! எப்பக் கிளம்பறீங்க?"

"அவரையும் கூட்டிக்கிட்டுப் போகலாமா சார்?" அவளையும் அறியாமல் கேட்டுவிட்டாள். "அங்க கால் சரிபண்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்குன்னு சொல்றாங்க."

"அவருக்குத் தேவை இருக்கே மேடம்" என்றார் அதிகாரி, குழந்தைக்குச் சொல்வது போல. "கேமராவைப் பாருங்க."

போட்டோக்காரர் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப அசதியாத் தெரியறாங்க சார்" என்றார்.

"இருக்கட்டும், இருக்கட்டும். ஓய்வுக்கு ஏங்கறவங்க முகம் இப்படித்தான் இருக்கும். விளம்பரத்துக்கு இதுதான் பொருத்தம்."

பூங்கொத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கார்க் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"என்னவாம்?" என்றார் அவர்.

"போகலாம்னு சொல்லிட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இடுப்பு வலித்தது. வலி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு, "நெசமாவா?" என்றார்.

"ஆமாங்க." முன்னால் குனிந்து, "ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே. மெதுவாவே போங்க" என்றாள்.

தெருமுனையில் வேகத்தடை இருந்தது. வண்டி அதில் ஏறுவதற்கு முன்பே அவர் தொடைக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.